ஒரு வாளிக் கலவை

லெஸ்டர், இங்கிலாந்து
நவம்பர் 9

அன்புள்ள மாணிக்கம்,

பேஸ்மட்டம் முடிந்து சுவர் எழும்பத் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். "அங்கே சுவரில் ஓதம் (மண்ணின் ஈரம்) ஏறாமல் இருக்க என்ன செய்கிறார்கள்?" என்று நீ கேட்ட நேரத்தில், என் வீட்டுக் கூடத்து மூலையில் முழங்கால் உயரத்துக்குச் சுவர்க்காகிதம் உரிந்து உப்புப் பூத்திருந்தது!

இது 1930களில் கட்டிய வீடு. வெளிச்சுவர் உண்மையில் இரண்டு சுவர்கள். நடுவே இரண்டு அங்குல இடைவெளி. மழைநீர் வெளிப்பக்கச் சுவரை ஊடுருவினாலும் அதன் உட்புறமாகவே வழிந்து அடியில் இறங்கிவிடும். இரண்டையும் பிணைக்கும் கம்பியின் நடுவில்கூட ஒரு முறுக்கு உண்டு. ஊர்ந்து வரும் துளி அங்கேயே சொட்டிவிடும். அதை யோசித்தவன் கெட்டிக்காரன். மண்ணிலிருந்து ஏறும் ஈரத்துக்கு இரு சுவர்களிலும் டி.பி.சி. எனும் ஈரம் தடுக்கும் பட்டை, வெளித்தரைக்குக் குறைந்தது 150 மி.மீ. மேலே. இடைவெளி அந்தப் பட்டைக்குக் கீழேயும் 225 மி.மீ. இறங்க வேண்டும் என்பது இன்றைய விதி. கட்டும்போது சிந்தும் கலவை பட்டையின் மட்டத்தை எட்டாமல் அந்தப் பள்ளத்திலேயே தங்கிவிடும்.

ஒரு நிறுவனத்து ஆள் வந்து ஈரமானியைச் சுவரில் குத்திப் பார்த்துவிட்டு, டி.பி.சி. கெட்டுவிட்டது, துளை போட்டு மருந்து ஏற்ற வேண்டும் என்றார். அந்தக் கருவி மின்சாரம் பாய்வதைத்தான் அளக்கிறது. உப்பு இருந்தாலும் அளவு எகிறும். கையெழுத்துப் போடாமல் அனுப்பிவிட்டேன். வயதான கொத்தனார் ஒருவரை அழைத்து, வெளிப்பக்கம் மூன்று செங்கற்களை உருவச் சொன்னேன். கைவிளக்கை நீட்டிப் பார்த்தால், உள்ளே கல்லாய் இறுகிய கலவைக் குவியல்! கட்டியவர்களின் கரண்டியிலிருந்து விழுந்தது, பட்டைக்கு மேலே ஒரு சாண் உயரம் சேர்ந்து, பிரிந்து நிற்க வேண்டிய இரண்டு சுவர்களையும் ஒட்டவைத்திருந்தது. ஈரம் உள்ளே கடக்க அதுவே பாலம். உளியால் தட்டித் தட்டி ஒரு வாளி நிறைய எடுத்தோம். மேல்கட்டிகள் வெளுத்திருந்தன, அடியில் இருந்தவை கறுத்து, தொட்டால் விரல் நனைந்தது.

பொறுப்பான கொத்தனார்கள் இடைவெளிக்குள் ஒரு மரச்சட்டத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு, விழும் கலவையை அவ்வப்போது அதோடு தூக்கி எடுத்துவிடுவார்கள். என் வீட்டைக் கட்டியவருக்கு அன்று என்ன அவசரமோ.

பழி முழுவதும் அவருக்கே இல்லை. வெளியே ரோஜாப் பாத்திக்காக மண்ணை டி.பி.சி.க்கு மேலே குவித்தவன் நான்தான். படித்த படிப்பு இதற்குத்தானா என்று வீட்டில் நன்றாகவே கேட்டார்கள். இப்போது மண்ணை வெட்டி இறக்கிவிட்டேன். செங்கற்களைத் திரும்ப வைக்கும்போது, நீர் கசிந்து வெளியேற இரண்டு செங்குத்து இணைப்புகளைக் கலவை வைக்காமல் விட்டோம். சுவர் காய, அதன் கனத்தில் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது இங்குள்ள கணக்கு. அதுவரை கூடம் அலங்கோலம்தான்.

உனக்கு ஒற்றைச் சுவர்தான். ஆனாலும் வெளிப்பூச்சு டி.பி.சி.யைத் தாண்டி மண்வரை இறங்கினால், ஓதம் பூச்சு வழியாகவே ஏறிவிடும். பூசுவதற்கு முன் அந்த மட்டத்தைப் படமெடுத்து அனுப்பு. அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மறக்காமல் எழுது.

உன்,
சேகர்