ஒன்பது நாள் பூட்டிக் கிடந்த வீடு: எங்கள் நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

சேலம் அம்மாபேட்டையில் தங்கள் பொறுப்பில் உள்ள 14 வரிசை வீடுகளில், 4ஆம் எண் வீட்டில் வாடகைக்கு இருக்கும் பட்டு நெசவாளியின் மகள் நான். சென்ற ஐப்பசியில் நடந்த தீ விபத்தைப் பற்றித் தங்களுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அன்று இரவே தங்களில் இருவர் நேரில் வந்து நின்றீர்கள். கடந்த வாரம் முகப்புச் சுவரில் ஒட்டப்பட்ட அறிவிப்புதான் இம்மடலை எழுத வைத்தது. 3 முதல் 7 வரை எண்ணுள்ள வீடுகளில் தோன்றியிருக்கும் ‘சுவர்க் கறை’யை மறைக்க மாசி மாதத்தில் மறுபடியும் வண்ணம் பூசப்படும் என்றும், அச்செலவில் பாதியைக் குடியிருப்போர் ஏற்க வேண்டும் என்றும் அதில் கண்டிருக்கிறது.

எங்கள் சுவரில் இருப்பது கறையன்று, பூசணம். அது உயிருள்ளது, வளர்வது, ஈரம் இருக்கும்வரை போகாதது. ஆகவே என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவர் உலர்ந்துவிட்டது என்பதைச் சோதித்து அறியாமல் அதன்மீது வண்ணம் பூசாதீர்கள். இனி எந்தக் காரணத்தால் எந்த வீட்டில் தண்ணீர் புகுந்தாலும், 48 மணி நேரத்துக்குள் அவ்வீட்டைத் திறந்து, நீரை வடித்து, உலர்த்தத் தொடங்குங்கள்.

தீயணைப்பு வீரர்கள்மீது எங்களுக்கு எள்ளளவும் குறையில்லை. நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு முதல் வீட்டில் பற்றிய தீ, எல்லா வீடுகளுக்கும் பொதுவாக ஓடும் கூரைச் சட்டங்களின் வழியே இரண்டாம் வீட்டைப் பிடித்துக்கொண்டபோது, அவர்கள் ஏணி வைத்து ஏறி, எங்கள் வீட்டு ஓடுகளைப் பிரித்து, தீ தாவக்கூடிய மரச்சட்டங்களை எல்லாம் முன்னதாகவே நனைத்தார்கள். ஒரு வண்டியின் தொட்டி 4,500 லிட்டர் கொள்ளும் என்கிறார்கள். இரண்டு வண்டிகளின் நீரும் தீர்ந்த பிறகு லாரித் தண்ணீரும் வந்தது. அப்படி நனைத்திராவிட்டால் இன்று பன்னிரண்டு வீடுகளும் நின்றிருக்கமாட்டா. எரிந்தவை இரண்டு வீடுகள். எரியாமல் நனைந்தவை ஐந்து. எரிந்த வீடுகளுக்குக் கணக்கெடுக்க ஆள் வந்தது. நனைந்த வீடுகள் தப்பித்த வீடுகளாகவே எழுதப்பட்டன.

மறுநாள் புதன்கிழமை காலையில், கூரை உறுதியாக இருக்கிறதா என்று பொறியாளர் வந்து பார்க்கும்வரை ஒருவரும் உள்ளே போகக் கூடாது என்று ஏழு வீடுகளையும் பூட்டச் சொன்னீர்கள். நனைந்த மின்கம்பிகளும் வெந்துபோன சட்டங்களும் இருக்கும் இடத்தில் ஆட்களை விடாதது சரியான முடிவு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பொறியாளர் வந்தது அதற்கடுத்த வாரம் வியாழக்கிழமை. இடையில் ஒன்பது நாட்கள், அதுவும் வடகிழக்குப் பருவமழையின் நாட்கள். கதவும் சன்னலும் சாத்தப்பட்டு, பிரித்த ஓடுகளின்மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டப்பட்டு, உள்ளே இருந்த நீர் உள்ளேயே புழுங்கும்படி எங்கள் வீடு விடப்பட்டது. பூசணம் வளர்க்க வேண்டும் என்று எவராவது விரும்பியிருந்தால் இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டைச் செய்திருக்க முடியாது.

எங்கள் வீட்டில் இருப்பது குழித்தறி. தறிக்காரர் தரைமட்டத்தில் அமர்ந்து, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிப்பார். தரையில் ஊற்றிய நீரெல்லாம் தாழ்ந்த இடம் தேடி அந்தக் குழிக்குள்தான் இறங்கும். அப்பா ஒவ்வொரு நாள் காலையும் நாங்கள் ஒதுங்கியிருந்த பொன்னம்மாபேட்டை உறவினர் வீட்டிலிருந்து நடந்தே வந்து, வெளிச்சத்துக்காகத் தறியை ஒட்டி வைக்கப்பட்ட சன்னலின் பலகை இடுக்கு வழியே உள்ளே பார்த்துவிட்டுத் திரும்புவார். முதல் நாள் குழி விளிம்பு வரை கரித்தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. அந்த நீர் வற்றிப் போய்விடவில்லை, சுற்றியிருந்த மண்ணும் சுவரின் அடிக்கட்டும் குடித்துவிட்டன. ஐந்தாம் நாள், மிதிகட்டைக் கயிற்றில் பஞ்சு ஒட்டியது போல ஏதோ தெரிகிறது என்றார். ஏழாம் நாள் வந்து ஒன்றும் சொல்லவில்லை. மூன்று சேலைக்கான பட்டுப் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகள், தறியில் ஏறியிருந்தது. அதில் முதல் சேலையில் முக்கால் பங்குகூட நெய்து முடியவில்லை.

கதவு திறந்த அன்று நாங்கள் கண்டதை எழுதுகிறேன். நெய்த துணியைச் சுருட்டும் படமரத்தில் சுற்றியிருந்த சேலையின் மடிப்புகளில் சாம்பல் பச்சைப் புள்ளிகள் இருந்தன. பாவிழைகளை ஏற்றி இறக்கும் விழுதுக் கயிறுகள் தொட்டவுடன் கையோடு வந்தன. குழியின் மண்சுவரில் ஒரு முழ உயரத்துக்குக் கறுப்பும் வெள்ளையுமாகப் படர்ந்திருந்தது. அப்பா பாவின் ஓரத்து இழைகளை விரலில் எடுத்து மெல்ல இழுத்துப் பார்த்தார். அவை அறுந்தன. ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய நுனியோடு ஒவ்வொன்றாகப் பிணைத்து ஏற்றிய பாவு அது. நூல் கொடுத்தவர் தம் நட்டத்தை மாதம் இவ்வளவென்று கூலியில் பிடித்துக்கொள்கிறார், அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. தீயில் எரிந்திருந்தால் விபத்து என்று மனத்தைத் தேற்றியிருப்போம். அந்தப் பாவைத் தீ தொடவேயில்லை. புதன்கிழமையே ஒரு மணி நேரம், தங்கள் ஆள் ஒருவர் உடன் நிற்க, தலைக்கவசத்தோடு உள்ளே போக விட்டிருந்தால், அப்பா அதை அறுத்துச் சுருட்டி எடுத்து வந்து நிழலில் உலர்த்திப் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருப்பார்.

மார்கழிக் கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னபோது, தறி வீடென்றால் ஈரம் இருக்கத்தானே செய்யும் என்று தங்கள் தரப்பிலிருந்து ஒரு பதில் வந்தது. அந்தப் பதில் எங்களை மிகவும் வருத்தியது. ஈரத்தை நெசவாளிக்கு வேறொருவர் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நூல் முறுகி அறாமல் இருக்கக் காற்றில் இதமான ஈரப்பதம் வேண்டும் என்பதும், குழித்தறி அந்த ஈரப்பதத்தை மண்ணிலிருந்து பெறும் என்பதும், சித்திரை வெயிலில் ஈரத்துணி கட்டியும் மழையில் தறியை நிறுத்தியும் அதைச் சமன்செய்ய வேண்டும் என்பதும் எங்கள் வீட்டுச் சிறுபிள்ளைகளுக்கும் தெரியும். இழையை இளக்கும் ஈரமும் சுவரை அழுகச் செய்யும் ஈரமும் ஒன்றல்ல. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்று பெருமை பேசும் ஊரில், அந்தப் பட்டை நெய்கிறவர் வீட்டுச் சுவர் நான்கு மாதமாக நனைந்தே நிற்பதை ‘தறி வீட்டு இயல்பு’ என்று ஒதுக்கிவிடலாகாது.

பூசண வித்துகள் எல்லாக் காற்றிலும் எப்போதும் இருப்பவை. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களான அவற்றை எந்த வீட்டிலிருந்தும் முழுவதுமாக விலக்க முடியாது. அவை முளைக்கத் தேவையானது ஈரம் ஒன்றுதான். மரம், காகிதம், பருத்தி, தூசி, கஞ்சிப் பசை எல்லாமே அவற்றுக்கு இரை. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூசணம் தலைகாட்டாது என்பது நீர்ச்சேத மீட்புத் தொழிலில் இருப்போர் உலகெங்கும் ஒப்புக்கொண்ட கணக்கு. அந்தக் கெடு கடந்துவிட்டால் வேலையும் செலவும் பன்மடங்காகின்றன. நல்ல செங்கல்லே தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை நீர் குடிக்கக்கூடியது. மூன்று கிலோ செங்கல்லுக்கு அது அரை லிட்டருக்கும் மேல். ஒரு சுவரில் எத்தனை செங்கல் என்று தாங்களே எண்ணிப் பாருங்கள்.

சுவரில் பூத்திருப்பது வெறும் உப்புதான் என்று தங்கள் மேற்பார்வையாளர் சொன்னதையும் இங்கே குறிப்பிட வேண்டும். உப்பு பூப்பதும் உண்டு, எங்கள் அடுக்களைச் சுவரின் அடியில் அதுவும் இருக்கிறது. இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. உப்புப் பொரியின்மீது ஒரு சொட்டு நீர் விட்டால் கரைந்துவிடும், பூசணம் கரையாது. மேலும் உப்பு மரத்தட்டிலும் தலையணையிலும் சேலை மடிப்பிலும் பச்சையாகப் பூப்பதில்லை.

கார்த்திகையில் தாங்கள் பூசிய வண்ணம், நீர் ஆவியாக வெளியேற வழிவிடாத பிளாஸ்டிக் வகை. இவ்வீடுகளோ மூச்சு விடும் சுண்ணாம்புச் சுவர் கொண்ட பழைய வீடுகள். நனைந்த சுவர்மீது அந்தப் படலத்தை ஏற்றியதால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, ஒரு மாதத்துக்குள் வண்ணம் கொப்புளமாக எழும்பி, அதன் பின்னிருந்து பூசணம் மீண்டும் வெளிவந்தது. அதற்கு முன் பிளீச்சிங் கரைசல் தெளித்தார்கள். மேற்பரப்பின் நிறத்தை அது வெளுக்கச் செய்தது, நுண்துளைகளுக்குள் வேரோடியதை அடையவில்லை. உலர்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் தட்டிப் பெருக்கியதால் வித்துகள் வீடெங்கும் பரவின. வேலைக்கு வந்த இரண்டு பையன்களுக்கும் முகக்கவசம்கூடக் கொடுக்கவில்லை.

அம்மாவுக்கு முன்பே மூச்சிளைப்பு உண்டு. இந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் உட்கார்ந்தபடியே உறங்கினார். இதற்குப் பூசணம் ஒன்றே காரணம் என்று நான் அறுதியிட்டுக் கூறவில்லை. ஆனால் உலக சுகாதார அமைப்பு 2009ஆம் ஆண்டிலேயே, ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு மூச்சுத் தொல்லைகளும் ஆஸ்துமாத் தீவிரமும் மிகுதி என்று வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. இவ்வளவு பூசணம் வரை பாதகமில்லை என்ற எல்லையளவு எதையும் அது வகுக்கவில்லை. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டில் இருந்த பூசணத்தை நெடுநாள் சுவாசித்ததே காரணம் என்று விசாரணையில் உறுதியானது. பல ஆண்டுகளுக்கு முன்பே முறையிட்ட தந்தைக்கு, வண்ணம் பூசி மறைத்துக்கொள்ளும்படிதான் சொல்லப்பட்டிருந்தது. அதன்பின் அக்குழந்தையின் பெயராலேயே இயற்றப்பட்ட சட்டம், குறைந்த வாடகைக்கு விடப்படும் சமூக வீடுகளின் நிர்வாகங்கள் ஈரத்தையும் பூசணத்தையும் குறித்த நாள்களுக்குள் ஆய்ந்து சரிசெய்ய வேண்டும் என்று 2025 அக்டோபர் முதல் அங்கே நடைமுறைக்கு வந்திருக்கிறது. எங்களுக்கு அப்படிப்பட்ட சட்டம் இல்லை. தங்கள் மனச்சான்றும் தங்கள் குழுவின் தீர்மானப் புத்தகமுமே இருக்கின்றன.

இது வண்ணத்தோடு முடிகிற குறையும் அன்று. பின்சுவரில் கூரையை ஒட்டி இருந்த காற்றுத் துளைகளைப் பூனை வருகிறது என்று அடைத்தது, பக்கவாட்டுச் சந்தில் கொட்டகை எழுப்பி வெயிலை மறித்தது, வாய்க்காலைவிடத் தரையைத் தாழ்வாக விட்டது என எத்தனையோ உண்டு. வாடகை ஒரு நாள் தாமதித்தால் வீட்டு வாசலுக்கு வரும் ஆள், ஒன்பது நாள் சாவியோடு வர மறந்ததை எண்ணும்போது எழுதும் கை நடுங்குகிறது. அவற்றையெல்லாம் தனியே எழுதித் தருகிறேன், இப்போதைக்குச் சுவருக்கே திரும்புகிறேன்.

மாசியில் செய்ய வேண்டிய வேலை வண்ணமடிப்பதன்று. கொப்புளம் எழுந்த வண்ணப் படலத்தையும் நைந்த பூச்சையும், நீர் தெளித்து நனைத்தபடி, முகக்கவசமும் கையுறையும் அணிந்தவர்களைக் கொண்டு செங்கல் தெரியும்வரை சுரண்டி எடுங்கள். அடைத்த காற்றுத் துளைகளைத் திறவுங்கள். பங்குனி வெயில் உள்ளே புகுந்து போகட்டும். சேலத்து வெயிலைப் போல் விலையில்லாத உலர்த்தி வேறெதுவும் இல்லை, இரண்டு மாதம் அதை வேலை செய்ய விடுங்கள். பிறகு ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் இறுக ஒட்டி, ஓர் இரவு முழுவதும் விட்டு, மறுநாள் உட்புறம் வியர்த்திருக்கிறதா என்று பாருங்கள். வியர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. வியர்க்கவில்லை என்றால் சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடிப்பும் போதும். சுண்ணாம்பின் காரம் பூசணத்தை அண்டவிடாது, சுவரும் மூச்சுவிடும். எங்களிடம் கேட்கும் பாதிச் செலவைவிட இது குறைவாகவே ஆகும் என்று எங்கள் தெருக் கொத்தனார் சொல்கிறார்.

அடுத்த மழைக்கு முன், தங்கள் குழு ஒரு தீர்மானம் எழுதி வைக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் நீர் புகுந்தால் அன்றே மின்னிணைப்பைத் துண்டித்து, மறுநாளைக்குள் பொறியாளரை வரவழைத்து, அவர் வரத் தாமதமானால் குடும்பத்தில் ஒருவரைப் பாதுகாப்போடு உள்ளே அனுமதித்து, மோட்டார் வைத்துத் தறிக்குழி நீரை இறைத்து, மழை ஓயும் வேளைகளில் கதவு சன்னல்களைத் திறந்து, மின்கம்பி சோதிக்கப்பட்ட பின் மின்விசிறிகளை இரவு பகலாக ஓடவிட்டு, நனைந்த மெத்தை தலையணைகளை வெளியேற்றுவது என்று அதில் தெளிவாக எழுதுங்கள். 48 மணி நேரம் என்ற கெடுவை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள். வண்ணச் செலவு பற்றிய அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள்.

அப்பா குழியைச் சுரண்டிச் சுண்ணாம்பு தெளித்து வைத்திருக்கிறார். புதுப் பாவு இன்னும் ஏற்றவில்லை, சுவர் காயாமல் ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை. ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளும் ஒட்டும் நாடாவும் நானே வாங்கி வைத்திருக்கிறேன். தங்களில் எவர் வந்து சோதித்துப் பார்ப்பதானாலும் பகலில் எந்நேரமும் எங்கள் வீடு திறந்திருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
4ஆம் எண் வீட்டுக் குடியிருப்பவர்,
அம்மாபேட்டை, சேலம்.