காலைப் படிக்காமல் காலைப் பிடிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எலும்பு, மூட்டு, தசைகளைக் கையாலேயே அழுத்தி அசைத்துச் செய்கிற சிகிச்சையான ஆஸ்டியோபதியை இரண்டு மூன்று வார இறுதிகளில் கற்றுத் தருகிறோம், சான்றிதழும் உண்டு என்று வேலூர்ப் பக்கம் நோட்டீஸ் வர ஆரம்பித்திருக்கிறது. பிசியோதெரபி முடித்துவிட்டு இப்போது ஆஸ்டியோபதி படித்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இடுப்புக்குக் கீழே உள்ள காலை மட்டும் உருப்படியாகப் படிக்கவே அந்த நாட்கள் போதாது. பிரிட்டனில் 1993-லேயே இதற்குத் தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள், பதிவு செய்யாதவர் அங்கே ஆஸ்டியோபாத் என்று சொல்லிக்கொள்ளவே முடியாது.

குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் சம்மணமிட்டு உட்காருகிறார்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கமாக, ஃபிபுலா என்கிற மெல்லிய எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு இறங்குகிறது, அந்த இடத்தில் அதற்குத் தோலைத் தவிரப் பெரிய பாதுகாப்பு கிடையாது. அது தொடர்ந்து நசுங்கினால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போகும், நடக்கும்போது விரல் தரையில் தட்டும், செருப்பு கழன்றுவிடும். ஆஸ்டியோபதியில் அதே எலும்பின் தலையைப் பிடித்து அசைக்கிற சிகிச்சை முறை ஒன்று இருக்கிறது. நரம்பு எங்கே ஓடுகிறது என்று தெரியாதவர் அதில் கை வைத்தால்? அதைவிடப் பயம் கெண்டைக்கால்தான். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக இருந்து, தொட்டால் வலிக்கிறது என்றால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அதைப் போய் உருவிவிட்டால் அந்தக் கட்டி நுரையீரலில் போய் அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

வலிக்கிற இடத்தில்தான் கோளாறு என்பதும் காலில் செல்லாது. முட்டி வலிக்கிறது என்று நொண்டுகிற பையனுக்குக் கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கலாம், ஏனென்றால் இரண்டுக்கும் கிளை விடுகிற நரம்பு உண்டு. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் நாள் முழுக்க நிற்பவர்களில் யாருக்காவது பாதம் உள்பக்கம் சரிந்தால், முட்டிக்குக் கீழுள்ள எலும்பும் சேர்ந்து உள்நோக்கித் திரும்பும், முட்டியும் இடுப்பும் அதற்கேற்பத் தாங்க வேண்டியிருக்கும். சோளிங்கர் மலையில் ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் முட்டி பேசுவது இறங்கும்போதுதான். தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது, அந்தச் சுமை முட்டிச் சில்லின் மேல் விழுகிறது. இதெல்லாம் தெரியாமல் முட்டியை மட்டும் திருப்பி என்ன பயன்?

இத்தனைக்கும் காலைப் பற்றிய படிப்புக்கு நம் ஊர் புதிதல்ல. 1946-ல் வேலூர் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் உள்ளங்கால் புண் நோயால் சதை அழுகி வருவதல்ல, உணர்ச்சியற்ற பாதத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் வருவது என்று கண்டார். அழுத்தத்தைப் பரப்பிவிட மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்கிற நுண்துளைகள் கொண்ட மெத்தென்ற ரப்பரில் செருப்பு வந்தது அதனால்தான். தொழுநோய் மருத்துவமனை இருக்கிற கரிகிரிப் பக்கம் போனால் இதை விவரமாகச் சொல்ல ஆட்கள் இருப்பார்கள்.

சரி, பயிற்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. உடற்கூறு எத்தனை மணி நேரம், நடத்துபவரின் படிப்பு என்ன, தொடக்கூடாத கால் எது என்று சொல்லித் தருகிறார்களா, இவற்றை நோட்டீசிலேயே அச்சிட வேண்டும் என்று மாவட்டச் சுகாதாரத் துறை கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு பிசியோதெரபிஸ்ட்,
காட்பாடி.