உங்கள் சுருக்க இணைப்பே எங்கள் யுடிஎம் குறிகளை அழிக்கிறது: மூடப்பட்ட டிக்கெட் குறித்துப் புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திறந்த புகார் டிக்கெட் எல்லாம் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டுக்கொண்டே இருப்பதால் உங்களுக்கே எழுதுகிறேன். எதுவும் தீரவில்லை. சாட்டில் கேட்டால் மெயில் போடச் சொல்கிறார்கள். மெயில் போட்டால் டிக்கெட் திறக்கச் சொல்கிறார்கள். டிக்கெட் திறந்தால் சாட்டுக்கே வரச் சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் புது ஆள், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

எங்கள் தளத்துக்கு யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் உங்களுக்குச் சந்தா கட்டுகிறோம். அதற்காகத்தான் இணைப்பு முகவரியின் கடைசியில் யுடிஎம் குறிகளை, அதாவது வருபவர் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் சொற்களை, சேர்க்கிறோம். உங்கள் அறிக்கையிலோ பாதிக்கு மேல் 'டைரக்ட்', அதாவது முகவரியை நேரே தட்டி வந்தவர்கள், என்றுதான் வருகிறது. செய்திமடல் அனுப்பும் நாளில் இந்த டைரக்ட் மட்டும் எகிறுகிறது. 'இமெயில்' வரிசையில் பூஜ்ஜியம். அப்படி வந்தவர்கள் இறங்கிய பக்கங்களைப் பாருங்கள். முகப்புப் பக்கம் இல்லை, நீண்ட முகவரி கொண்ட உள்பக்கங்கள். அதுவும் முதல்முறை வருபவர்கள், கைபேசியில். அவ்வளவு நீள முகவரியை யார் எழுத்தெழுத்தாகத் தட்டிக்கொண்டு வருவார்கள்?

இதைத்தான் உங்கள் ஏஜென்ட்டிடம் கேட்டேன். அவர் சொன்னது அப்படியே: "உங்க நியூஸ்லெட்டரை யாரும் படிக்கலைன்னு ரிப்போர்ட் சொல்லுது மேடம். அதை ஏத்துக்கிட்டா பிரச்சினையே இல்ல." சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தார். மாதக்கணக்கில் இராப்பகலாக எழுதி அனுப்புகிறவளிடம் பேசுகிற பேச்சா இது? அடுத்த நிமிடமே "எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?" என்று மெயில் வருகிறது. அந்த உரையாடல் உங்களிடம் பதிவாகியிருக்கும். தயவுசெய்து நீங்களே ஒருமுறை கேளுங்கள்.

உங்கள் ஆட்கள் செய்திருக்க வேண்டிய சோதனையைக் கடைசியில் நானே செய்தேன். செய்திமடலில் போடும் இணைப்புகளை நீண்ட முகவரியைச் சுருக்கித் தரும் உங்கள் சுருக்க இணைப்பு வசதியில்தான் உருவாக்குகிறோம். அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று வற்புறுத்தியதும் நீங்கள்தான். அப்படி ஒரு இணைப்பை பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில், பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே போய்வருவதைக் காட்டும் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு சொடுக்கினேன். முதல் வரியில் 302 ரீடைரக்ட், அதாவது வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் பதில். எங்கே போக வேண்டும் என்று சொல்லும் அதன் லொகேஷன் ஹெடரில் எங்கள் பக்கத்தின் முகவரி இருந்தது, ஆனால் கேள்விக்குறிக்குப் பின்னால் நாங்கள் போட்ட யுடிஎம் சோர்ஸ், மீடியம், கேம்பெய்ன் ஒன்றுகூட இல்லை. உங்கள் சர்வரே வெட்டி எறிந்துவிட்டு அனுப்புகிறது. அதே முகவரியைச் சுருக்காமல் எனக்கே மெயிலில் அனுப்பிச் சொடுக்கியபோது அறிக்கையில் 'இமெயில்' என்று ஒழுங்காக விழுந்தது. மெயில் ஆப்பிலிருந்து வருபவருக்குப் பெரும்பாலும் ரெஃபரர் (எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று பிரவுசர் சொல்லும் தகவல்) இருக்காது, அதனால்தானே குறி போடுகிறோம்? குறியும் போனால் டைரக்ட்தான். இது உங்களுக்குத் தெரியாத விஷயமா?

இதைச் சொன்னதற்கு இன்னொருவர் "2020-லிருந்து குரோம் ரெஃபரரைக் குறைத்துவிட்டது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்றார். குரோம் குறைத்தது ரெஃபரரில் வரும் பக்க விவரத்தை. வேறு தளத்துக்குப் போகும்போது டொமைன் பெயர் மட்டும் போகும். யுடிஎம் குறி இருப்பதோ எங்கள் முகவரியிலேயே. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொன்று, விற்பனை அறிக்கை. அதில் எங்களுக்கு அதிக வாடிக்கையாளர்களைத் தருவது பணம் கட்டும் கேட்வே தளமாம்! பணம் கட்டிவிட்டு நன்றிப் பக்கத்துக்குத் திரும்புபவரைப் புது வருகையாக எண்ணி, அவரை முதலில் அழைத்து வந்த இடத்தை அழித்துவிடுகிறீர்கள். வந்த இடமாக எண்ணக் கூடாத தளங்களைக் குறிக்கும் விலக்குப் பட்டியலில் அந்த டொமைனைச் சேர்த்து 'சேவ்' கொடுத்தால், பக்கத்தைப் புதுப்பித்ததும் பெட்டி காலி. இதற்கும் ஒரு டிக்கெட் போட்டேன், அதுவும் மூடப்பட்டது.

இந்தப் பொய் அறிக்கையை நம்பித்தான் செய்திமடலைப் பாதியாகக் குறைத்தோம். அந்தப் பணத்தையெல்லாம் தேடல் விளம்பரத்தில் கொட்டினோம். வாசகர்கள் போய்விட்டார்கள், விற்பனை படுத்துவிட்டது, பல வருட உழைப்பு மண்ணாய்ப் போனது. எங்கள் தொழிலையே நாசமாக்கிவிட்டீர்கள் என்றுதான் சொல்வேன். இதற்கு யார் பதில் சொல்வது?

உங்களை நம்பிச் சேர்ந்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன். ரீடைரக்டில் குறிகள் அழியாமல் சரிசெய்யுங்கள். விலக்குப் பட்டியல் வேலை செய்ய வேண்டும். பழைய சுருக்க இணைப்புகளின் கிளிக் பதிவுகள், நேரம், சாதன விவரத்தோடு, உங்கள் சர்வரில் இருக்கும். அவற்றைக் கோப்பாகக் கொடுத்தால் நாங்களே பழைய வருகைகளோடு ஒப்பிட்டு முடிந்தவரை மீட்டுக்கொள்கிறோம். தவறான அறிக்கை தந்த காலத்துக்கான சந்தாவையும் திருப்பித் தர வேண்டும்.

ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் வங்கி மூலமாகப் பணத்தைத் திரும்பக் கோருவேன், நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போவேன். இது வெறும் மிரட்டல் இல்லை. நெட்வொர்க் பகுதியின் திரைப்பதிவும் மூடப்பட்ட டிக்கெட்டுகளின் நகல்களும் இணைத்திருக்கிறேன். ரீடைரக்ட் நிரலைத் தொடும் பொறியாளர் யாரோ அவரிடமே இதைக் கொடுங்கள். என்னை அவமதித்த அந்த ஏஜென்ட்டிடம் மட்டும் திரும்ப அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்