வாண்டுக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள வாண்டு,

இந்தப் பேரைப் பார்த்ததும் அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

நீ பார்க்கச் சொன்ன ஜப்பானிய அனிமேஷன் படம் 'இளவரசி ககுயாவின் கதை'யை ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் பார்த்தோம். இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படம். முடிந்த பிறகும் அம்மா எழுந்து விளக்கைப் போடவில்லை. மறுநாள் நீ அனுப்பியிருந்த மூலக்கதையின் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து ஒரே மூச்சில் படித்து முடித்தேன். சின்னக் கதைதான். ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையது. ஜப்பானின் பழம்பெரும் நாவலான கெஞ்சியின் கதையே இதைக் கதைகளுக்கெல்லாம் மூதாதை என்று சொல்கிறதாமே.

புத்தகத்தில், மூங்கில் வெட்டுகிறவர் ஒளிவிடும் மூங்கிலுக்குள் உள்ளங்கையில் அடங்குகிற பெண்ணைக் கண்டெடுக்கிறார். மூன்றே மாதத்தில் அவள் வளர்ந்துவிடுகிறாள். அதற்கப்புறம் பாதிக் கதை அவளைக் கட்டிக்கொள்ள வருகிற ஐந்து மாப்பிள்ளைகளின் பின்னாலேயே போகிறது. புத்தரின் கல் பாத்திரம், டிராகன் கழுத்து மணி என்று அவள் கேட்கிற, கிடைக்காத பொருளைத் தேடி ஓடுகிறார்கள். பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் என்ன நினைத்தாள், எதற்கு ஏங்கினாள் என்பது அதிகம் இல்லை. படத்தின் இயக்குநர் இசாவோ தகஹாதா கைவைத்தது அந்த இடத்தில்தான். 2013-ல் படம் வந்தபோது அவருக்கு 78 வயது, எட்டு வருஷ உழைப்பு. மூன்றே மாதம் என்று புத்தகம் தாண்டிப் போகிற குழந்தைப் பருவத்தை அவர் நிறுத்தி நிதானமாகக் காட்டுகிறார். மலை, பறவைகள், கூட ஓடித் திரிகிற பிள்ளைகள்.

ஒரு காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. தவழ்கிற குழந்தையை ஊர்ப்பிள்ளைகள் 'தகெனோகோ' என்று கூப்பிடுகிறார்கள், மூங்கில் குருத்து என்று. மூங்கில் வெட்டுகிற கிழவருக்குப் பொறுக்கவில்லை. கைதட்டி 'ஹிமே, ஹிமே' என்கிறார், இளவரசி என்று. குழந்தை அவர் பக்கம் திரும்பி வருகிறது. அது வந்து சேரும்வரை காத்திருக்க முடியாமல் அவரே ஓடிப்போய்த் தூக்கி அழுகிறார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா என் கையைப் பிடித்தாள்.

முசிறிப் பக்கம் நாம் இருந்தபோது தெருப்பிள்ளைகள் உன்னை வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். நான்தான் திண்ணையிலிருந்து, "முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கடா" என்று அதட்டுவேன். நீ நாலாவது முடித்ததும் திருச்சிக்கு வந்துவிட்டோம், நல்ல பள்ளிக்கூடம் என்று. அந்தக் கிழவருக்கு மூங்கிலுக்குள் தங்கம் கிடைக்கிறது. பெண்ணைத் தலைநகருக்குக் கூட்டிப்போய் மாளிகையில் வைத்துப் பெரிய இடத்துப் பெண்ணாக வளர்க்கச் சொல்லித்தான் வானம் தந்தது என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் உன்னைக் கேட்கவில்லை.

பேர் சூட்டும் விருந்தில், வெளியே குடித்துவிட்டு ஆண்கள் அவளைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். திரைக்குள் உட்கார்ந்திருக்கிறவள் கையில் ஒரு சிப்பி, அது நொறுங்குகிறது. எழுந்து ஓடுகிறாள் பார், அதுவரை தண்ணீர் வண்ணத்தில் மென்மையாக இருந்த படம் கரிக்கட்டையால் கிறுக்கினதுபோல் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு பட்டு உடையாகக் கழன்று தெருவில் விழுகிறது. முகம் கோடு கோடாகச் சிதைகிறது. அத்தனை கோபத்தைப் பென்சிலால் வரைய முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. புதுப்பள்ளியில் முதல் வாரம் நீ பெஞ்சுக்கு அடியில் ஷூவைக் கழற்றி வைத்திருந்தாய் என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டுக்கு வந்து திட்டினேன். ராத்திரி அம்மா சாக்ஸைத் துவைக்கும்போதுதான் குதிகால் பக்கம் ரத்தக்கறை இருந்ததைப் பார்த்தோம். அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், தப்பு என்னுடையது பாப்பா.

அந்தக் கிழவரை வில்லனாக ஆக்கவில்லை, அதற்காகவே தகஹாதாவைக் கும்பிடலாம். கிழவருக்குக் குரல் கொடுத்த நடிகர் 2012-லேயே இறந்துவிட்டாராம். முதலில் குரலைப் பதிந்துவிட்டு அதற்கேற்றபடி வரைந்ததால், அந்தக் குரல் படத்தில் நிற்கிறது.

ஒன்றில் மட்டும் எனக்கு மனக்குறை. புத்தகத்தின் முடிவு படத்தில் இல்லை. ககுயா தன் நிலாவுக்கே திரும்பிப் போன பிறகு, யாருக்காக உயிரோடு இருக்கவேண்டும் என்று சொல்லிக் கிழவரும் கிழவியும் மருந்தைக்கூடத் தொடாமல் படுத்துவிடுகிறார்கள். அவள் விட்டுப்போன சாகாமருந்தையும் கடிதத்தையும் சக்கரவர்த்தி சுருகா நாட்டின் உயர்ந்த மலை உச்சியில் எரிக்கச் சொல்கிறார். அந்தப் புகை இன்னும் மேகத்துக்குள் எழுகிறது என்று கதை முடிகிறது. அதுதான் ஃபூஜி மலை. சுருகா என்பது இப்போது நீ இருக்கும் ஷிசுவோகா மாவட்டத்தின் ஒரு பகுதிதானே! நீ அனுப்பிய போட்டோவில் துணி காயப்போடுகிற கம்பிக்குப் பின்னால் தெரிகிற மலை. அதை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம்.

நிலாவின் இறகு மேலாடையைப் போர்த்தியதும், கிழவர்மேல் அவளுக்கிருந்த பரிவு போய்விட்டது என்று புத்தகம் ஒரே வரியில் சொல்கிறது. அதற்கு முன்னால், நினைவு இருக்கும்போதே, பெற்றவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி வைக்கிறாள். கழற்றிவைத்த உடையை என் ஞாபகமாக வைத்துக்கொள்ளுங்கள், நிலா வரும் ராத்திரிகளில் அண்ணாந்து பாருங்கள் என்று. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அரைமணி நேரம் கழித்துத்தான் மிச்சத்தைப் படித்தேன்.

அடுத்து நீ சொன்ன ஹெய்கே என்கிற ஜப்பானிய அனிமேஷன் தொடரைப் பார்க்கப் போகிறோம். அம்மாவுக்கு அந்த பீவா என்கிற ஜப்பானியத் தந்தி வாத்தியத்தின் சத்தம் பிடித்துவிட்டது.

சளி விட்டதா? மிளகுப்பொடி தீர்ந்திருந்தால் சொல், அனுப்புகிறோம். வெள்ளிக்கிழமை பௌர்ணமி. நமக்கு முன்னால் மூன்றரை மணி நேரம் போல உனக்கு நிலா வந்துவிடும். பார்த்ததும் போன் பண்ணு. நாங்கள் மொட்டைமாடியில்தான் இருப்போம்.

அப்பா