சுண்ணாம்புச் சுவரை மீட்டுத் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

கிறிஸ்து இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள். ஆற்காட்டை அடுத்த எங்கள் கிராம ஆலயத்தின் பழுதுபார்ப்பு நிறைவடைந்து, அறுப்பின் பண்டிகை ஆராதனையை இந்த ஆண்டு உள்ளேயே நடத்தினோம். அதற்குக் காரணமான அனைவருக்கும் எங்கள் நன்றி.

1853இல் அமெரிக்க மிஷனெரிகளான ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷனின் ஊழியத்தால் இப்பகுதிக் கிராமங்களில் உருவான சபைகளில் எங்களுடையதும் ஒன்று. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை அமைந்தபோது அதில் இணைந்தோம். கல்வெட்டில் மிஷனெரிகளின் பெயர்கள் இருக்கின்றன. கூலிவேலை முடிந்து வந்து செங்கல் சுமந்த எங்கள் முன்னோரின் பெயர்கள் இல்லை. ஆகவே இந்த மடலில் முதல் நன்றி அவர்களுக்கே.

அடுத்து, கொத்தனார் பெரியவருக்கு. சுவர்களில் உப்புப் பூத்துக் காரை உதிர்ந்ததைப் பார்த்த பலரும் இன்னொரு முறை சிமெண்டு பூசச் சொன்னார்கள். அவர்தான் மறுத்தார். பழைய செங்கல் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும்; மேலே பூசிய சிமெண்டு அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுகிறது என்று சுவரைத் தட்டிக் காட்டி விளக்கினார். சிமெண்டைப் பெயர்த்தபின் செங்கல் நன்றாக உலரும்வரை யாரையும் கரண்டியைத் தொட விடவில்லை. சுண்ணாம்பைக் குழியில் நீற்றி வாரக்கணக்கில் புளிக்கவிட்டு, கடுக்காய் ஊறிய நீரும் பனைவெல்லமும் சேர்த்துக் காரை அரைக்க வைத்தார். நாங்கள் அவசரப்பட்டபோதெல்லாம் அவர் அசையவில்லை. அந்த உறுதிக்குத் தலைவணங்குகிறோம்.

காரை அரைத்த, சித்தாளாகச் சுமந்த பெண்கள் ஐக்கியச் சகோதரிகளே, உங்கள் கைகள் சுண்ணாம்பில் வெந்ததை நாங்கள் மறக்கவில்லை. செல்லரித்த விட்டங்களுக்குப் பதிலாகப் பழைய தேக்கைத் தேடிப்பிடித்து வாங்கிய விலைக்கே தந்தார் மேல்விஷாரத்து மரக்கடை பாய். மாரியம்மன் கோவில் தெருக்காரர்கள் தங்கள் கிணற்றிலிருந்து தண்ணீர் தந்தார்கள். அம்பத்தூரிலும் ஓசூரிலும் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளைகள் மாதந்தோறும் சம்பளத்திலிருந்து அனுப்பினார்கள். ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் பாதுகாத்த கல்லூரி மாணவிகளுக்குத் தனி நன்றி. எங்கள் தாத்தா பாட்டிகளின் பெயர்கள் அவற்றில்தான் இருக்கின்றன.

வரவு செலவுக் கணக்கு ஆலயக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. மீதித் தொகையை ஆண்டுதோறும் வெள்ளையடிக்கவும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் தளத்துச் செடிகளை வேரோடு களையவும் ஒதுக்கியிருக்கிறோம். அடுத்த வெள்ளையடிப்பின்போது கொத்தனார் பெரியவரிடம் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வாலிபர் சங்கத்தார் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

நன்றியுடன்,
ஆலயப் பராமரிப்புக் குழுவினர்