சீவாளிக்கு ஈரம், தவிலுக்கு நிழல்: ஒரு மேளசெட்டின் நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

தை பிறந்ததிலிருந்து வைகாசி முடிய முகூர்த்தம், காதணி விழா, கோயில் திருவிழா என்று ஊர் ஊராகப் போய் வரும் மேளசெட் எங்களுடையது. நாயனம் (நாகஸ்வரம்) 2, தவில் 2, தாளம் 1. சுருதிக்கு ஒத்து ஊத ஆள் வைத்துக்கொண்ட காலம் மலையேறிவிட்டது. அந்த இடத்தில் இப்போது சுருதிப்பெட்டி. ஐந்து பேருக்கும் சம்பளம் பேசித்தான் வருகிறோம். பேச்சில் வராத, கணக்கில் எழுதாத வேலைகளைச் செய்தவர்களுக்கு இந்த மடல்.

எங்கள் தொழிலில் ஒரு வம்பு உண்டு. ஈரம் இல்லாவிட்டால், நாயனத்தின் நுனியில் வைத்து ஊதும் சீவாளி பேசாது. ஈரம் பட்டால் தவில் பேசாது. இரண்டும் ஒரே வண்டியில் வர வேண்டும். கீழே சொல்லும் நன்றிகளில் பாதி இந்த வம்பைச் சேர்ந்தவைதான்.

முதல் நன்றி திருவாவடுதுறைச் சீவாளிக்காரர்களுக்கு. காவிரிக்கரையில் விளையும் கொறுக்கை என்ற நாணல் தட்டையைக் காயவைத்துப் பக்குவம் செய்து நீங்கள் கட்டித் தரும் அந்தச் சின்னத் துண்டில்தான் எங்கள் மானம் இருக்கிறது. வாய் அதிகம் திறந்த சீவாளி மூச்சைத் தின்னும். ஊர்வலத்தில் இரண்டாவது தெருவிலேயே உதடு ஓய்ந்துவிடும். வாய் ஒட்டிய சீவாளியில் சத்தம் எழும்பாது. ஒரு கட்டு வாங்கினால் எல்லாமே பேசும் என்று எந்த நாயனக்காரரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் நீங்கள் கட்டை (சுருதி அளவு) வாரியாகப் பிரித்து, இரண்டுக்குத் தனி, இரண்டரைக்குத் தனி என்று தந்ததால் இரண்டு நாயனத்துக்கும் ஜோடி சேர்க்கும் பாடு குறைந்தது. மிச்சத்தை, சீவாளியைப் பொருத்தி நாயனத்தில் செருகும் கெண்டை என்ற சிறு உலோகக் குழாயில் சுற்றிய நூலில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு சுற்றுக் குறைத்தால் கெண்டை உள்ளே இறங்கி சுருதி ஏறும். கூட்டினால் வெளியே நின்று சுருதி இறங்கும்.

நரசிங்கம்பேட்டை ஆசாரிமார்களுக்கும் வணக்கம். 2022இல் உங்கள் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது எங்களுக்கும் பெருமை. பழைய வீடுகளின் ஆச்சா மர உத்தரத்தைத் தேடி வாங்கிக் கடைந்தால்தான் வெடிப்பு விடாது என்பதை நீங்கள் விட்டுக்கொடுக்காதது அதைவிடப் பெருமை. விரல் வைக்கும் 7 துளை எல்லோருக்கும் தெரியும். கீழே சுருதியைச் சரிசெய்ய இருக்கும் 5 பிரம்மசுரத் துளைகளை யாரும் கவனிப்பதில்லை. அவற்றில் எதை மெழுகால் எவ்வளவு அடைப்பது என்று நீங்கள் பொறுமையாகக் காட்டிக்கொடுத்தது ஒவ்வொரு கச்சேரியிலும் உதவுகிறது.

அந்த மெழுகைக் காப்பாற்றியவர் எங்கள் வேன் ஓட்டுநர். கண்ணாடி ஏற்றிய வண்டி சித்திரை வெயிலில் அரைமணி நின்றால் போதும், மெழுகு இளகித் துளைக்குள் இறங்கிவிடும்; அதே சூட்டில் தவிலின் வலப்பக்கமான வலந்தலைத் தோல் விறைத்துக் கிழியப் பார்க்கும். "கொஞ்சம் நடங்கண்ணே" என்று எங்களை வெயிலில் நடக்கவிட்டு, வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தியவர் அவர். அப்போது முணுமுணுத்ததற்கு மன்னிக்கவும்.

வேன் அமையாத நாட்களில் அரசுப் பேருந்து. தவிலை இஞ்சின் பேனட் மேல் வைக்கச் சொல்லாமல் கடைசி இருக்கையில் இடம் தந்த நடத்துநர்களுக்குத் தனி நன்றி. பேனட் சூடு தோலுக்கு நெருப்பில் காட்டுவது மாதிரி. அடியில் இருக்கும் சாமான் பெட்டியிலோ மழைத்தண்ணீர் தெறித்து உள்ளே வரும். நனைந்த தோல் தொளதொளத்து 'தொப்' என்று விழும். தவிலுக்கும் ஒரு டிக்கெட் கிழித்தீர்கள். நியாயம்தான்.

தோல் மாற்றித் தருபவர்களுக்கும், பலாக்கட்டையில் விட்ட சிறு கீறலை அடைத்துத் தந்தவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். வார் பிடித்த தவில் போய் நட்டு போல்ட் தவில் வந்தபின் இன்னொரு உறவும் சேர்ந்தது: டூவீலர் மெக்கானிக். அவசரத்தில் ஒரு பக்கத்து நட்டை மட்டும் முறுக்கினால் வளையம் கோணும், வலந்தலையில் இடத்துக்கு ஒரு நாதம் கேட்கும், கடைசியில் மரை தேய்ந்து நட்டு சுழல ஆரம்பிக்கும். எதிரெதிராகக் கால் சுற்றுக் கால் சுற்றாகத்தான் ஏற்ற வேண்டும். தெரிந்தும் தப்பு நடக்கிறது. இரவு பதினொரு மணிக்கும் ஷட்டரைத் தூக்கி, டப்பாவைக் கொட்டி, மரை பொருந்தும் நட்டைத் தேடி எடுத்துத் தந்துவிட்டுக் காசு வேண்டாம் என்ற தம்பிகளுக்கு நன்றி.

மைக்செட்காரர்களில் இரண்டு வகை. நாயனக்காரரின் வாய்க்கு நேராக மைக்கை நீட்டுபவர்கள் ஒரு வகை. அவர்களை இங்கே விட்டுவிடுவோம். விரல் துளைகளுக்கும், நாயனத்தின் அடியில் விரிந்திருக்கும் அணசுக்கும் நடுவே பார்த்து ஒன்றரை அடி தள்ளி வைத்து, எக்கோவை முழுக்க இறக்கி, தவிலின் மறுபக்கமான தொப்பிப் பக்கம் தனி மைக் கொடுத்தவர்கள் இன்னொரு வகை. குழாய் ஸ்பீக்கரில் தொப்பியின் கும்காரம் வரவே வராது. பெட்டி ஸ்பீக்கர் ஒன்றையாவது எடுத்து வந்த புண்ணியவான்களே, நீங்கள் நன்றாயிருக்க வேண்டும்.

கல்யாண மண்டப மேலாளர்கள் மேடைப் பக்கத்து ஏசியை எங்கள் முகத்திலிருந்து திருப்பிவிட்டார்கள். குளிரில் நாயனம் சுருதி இறங்கும், சுருதிப்பெட்டி இறங்காது. காற்று நேராக அடித்தால் சீவாளியும் காயும். மணவறையை வீடியோக்காரர்கள் மறைத்து நிற்கும்போது நாற்காலி மேல் ஏறிக் கையைத் தூக்கிக் கெட்டிமேளத்துக்குச் சைகை காட்டிய மாமாக்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். அரை நிமிடம் முந்தினாலும் பிந்தினாலும் பேச்சு எங்களுக்குத்தானே.

சுவாமி புறப்பாட்டில் உதவியவர்கள் கணக்கில் அடங்க மாட்டார்கள். புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி முடிந்து நாலுகால் மண்டபம் தாண்டினால், சுவாமியைப் பார்த்தபடியே பின்னடி வைத்து நடக்க வேண்டும். தவில் மாட்டியவருக்குத் தன் காலே தெரியாது. "அண்ணே, வேகத்தடை", "சித்தப்பா, ஒயர்" என்று முதுகைத் தொட்டுச் சொல்லிக்கொண்டு வந்த பிள்ளைகளே, விழாமல் வீடு வந்தது உங்களால். தனி வாசிப்பு முடியும் வரை தோளை மாற்றிக்கொண்டு நின்ற, சுவாமியைச் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளுக்கு எங்கள் கும்பிடு. ஜிகர்தண்டாவும் ஐஸ் மோரும் நீட்டியவர்களுக்கு மத்தியில், வெந்நீர் கொண்டு வந்து கொடுத்த அக்காமார்களுக்கும், தாம்பூலத்தை வாசிப்பு முடிந்தபின் தந்த பெரியவர்களுக்கும் நன்றி. வெற்றிலைத் துணுக்கு ஒன்று உள்ளே போனால் சீவாளி அடைத்துக்கொள்ளும். நூலில் தொங்கும் ஊசியால் அதை நடுத்தெருவில் நோண்டிக்கொண்டிருப்பது பார்க்கவும் நன்றாயிருக்காது.

ஆடி வெள்ளிகளுக்கு அம்மன் கோயில்களில் அச்சாரம் வாங்கியாகிவிட்டது. மழை வரும் மாதம், கூடுதலாக ஒரு தார்ப்பாய் கொண்டுவருகிறோம். நடத்துநர் ஐயாக்களே, கடைசி இருக்கையைத் தவிலுக்கு வைத்திருங்கள்.

இப்படிக்கு,
நாயனம் இருவர், தவில் இருவர், தாளம் ஒருவர்.