உண்ணிக் காய்ச்சலும் கறுப்புப் பொருக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உண்ணிக் காய்ச்சல் பற்றிய செய்தியுடன், ஆமணக்குக் கொட்டை போல ஊதிப்போன மாட்டு உண்ணியின் படத்தைப் போட்டிருந்தீர்கள். ஸ்க்ரப் டைஃபஸ் எனும் அந்தக் காய்ச்சலை மாட்டு உண்ணி பரப்புவதில்லை. புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாத செந்நிறச் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்துத்தான் அது வருகிறது. பெயரால் வந்த இந்தக் குழப்பம் எங்கள் நீலகிரி மலையில் உயிருக்கே உலை வைக்கிறது. "எந்த உண்ணியும் கடிக்கலையே" என்று நோயாளி சொல்லிவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது.

சிற்றுண்ணி கடித்தால் வலிக்காது. 6 முதல் 20 நாளில் காய்ச்சல், கடும் தலைவலி, உடம்புவலி வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த விளிம்பு. வலியும் அரிப்பும் இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை. காலில் ஏறும் பூச்சி, துணி இறுக்கும் இடத்தில் தங்கிக் கடிக்கும். ஆகவே பாவாடை நாடா கட்டும் இடுப்பு, தொடையிடுக்கு, அக்குள், மார்பின் அடிமடிப்பு, காதின் பின்புறம் எல்லாம் பார்க்க வேண்டும். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் காய்ச்சல் என்றால், பெண் செவிலியர் ஒருவர் மறைவில் வைத்துப் பார்த்தால் போதும். பொருக்கு எல்லோருக்கும் வருவதில்லை. அது இல்லையென்பதால் நோயும் இல்லை என்றாகாது.

இங்கே பெரிய தவறு நடக்கிறது. டைஃபாய்டுக்கான வைடால் ரத்தப் பரிசோதனையில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினாலே டைஃபாய்டு என்று முடிவுகட்டி செஃப்ட்ரியாக்சோன் ஊசி போடுகிறார்கள். செல்லுக்குள் புகுந்து வாழும் இந்தக் கிருமியிடம் அந்த மருந்து செல்லாது. டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். முதல் வாரத்தில் ரத்தப் பரிசோதனை நோயைக் காட்டாமல் போகலாம் என்பதால், சந்தேகம் வலுத்தால் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளையுறை வரை பாதிக்கும்; பிழைத்தவர்களிலும் சிலருக்குக் காது மந்தமாகிறது.

இனி நிஜ உண்ணி. நாய் உண்ணி பரப்பும் டைஃபஸ் காய்ச்சலுக்கும் டாக்சிசைக்ளின்தான். அதில் உள்ளங்கை, உள்ளங்காலிலும் தடிப்பு வரும். குரங்குக் காய்ச்சல் வேறு. 1957இல் கர்நாடகத்தின் க்யாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட, உண்ணி பரப்பும் வைரஸ் நோய் அது. பின்னர் பந்திப்பூர், வயநாடு வரை வந்தது. கூடலூர், பந்தலூர் பக்கம் டிசம்பர் முதல் மே வரை குரங்கு செத்துக் கிடந்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அந்தக் காய்ச்சலுக்கென்று தனி மருந்து கிடையாது. ரத்தக்கசிவு வரலாம் என்பதால் ஆஸ்பிரின், புரூஃபென் வேண்டாம்.

அட்டைப்பூச்சிக்குச் செய்வதையே உண்ணிக்கும் செய்கிறோம்: சுண்ணாம்பு, புகையிலை, மண்ணெண்ணெய், தீக்குச்சி. அட்டை விழுந்துவிடும். உண்ணியோ மிரண்டு, வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கக்கூடும். முள் எடுக்கும் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டித் தலைப்பக்கம் பிடித்து, முறுக்காமல், சீராக நேர்மேலே இழுங்கள். வாய்ப்பகுதி ஒடிந்து உள்ளே நின்றால் தோண்ட வேண்டாம், தோலே தள்ளிவிடும். நகத்தால் நசுக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, உண்ணியை செல்லோடேப்பில் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அந்தத் தேதிதான் மருத்துவருக்கு முதல் தடயம்.

கடித்த இடத்தில் அரிக்கும் சிறு முடிச்சு மாதக்கணக்கில் நின்றால் பயப்பட வேண்டியதில்லை. உண்ணி பரப்பும் லைம் நோயைப் பற்றி இணையத்தில் படித்துவிட்டு ஒவ்வொரு மூட்டுவலிக்கும் அந்தச் சோதனையைக் கேட்பவர்கள் உண்டு. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவலாக உள்ள நோய் அது. நம் மலையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது டைஃபஸைத்தான். உண்ணி கடித்த பிறகு, ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ தின்ற சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடித்தால் மட்டும் ஒவ்வாமை மருத்துவரிடம் சொல்லுங்கள். உண்ணியின் எச்சிலால் அப்படியொரு கறி ஒவ்வாமை வருவது பல நாடுகளில் உறுதியாகியிருக்கிறது.

அடுத்த முறை இச்செய்தி வரும்போது, உண்ணிக்குப் பதிலாக அந்தக் கறுப்புப் பொருக்கின் படத்தை, உண்மையான அளவிலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கோத்தகிரி